பதினான்காம் மாதம், புதன்கிழமை

மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பதால்தான் அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் பார்க்கப் போவதாக இருந்தவர்கள் அப்பா, அம்மா, தருண் அண்ணன். வாசலில் இறங்கிய பிறகுதான் அப்பா தலைகளை எண்ணிப் பார்த்தார்.

"அம்மிணி, செருப்பப் போடு. நீயும் வா" என்றார்.

"எதுக்குங்கப்பா?"

"எதுக்கோ. வந்து சும்மா நில்லு, போதும்."

சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும். இரண்டு வருடமாக வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வை இப்போதெல்லாம் எழுத வேண்டாம், சொல்ல வேண்டும். ஒரு சின்ன அறையில் திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். திரையில் வரும் முகம் கேள்வி கேட்கும். பதிலை மட்டுமல்ல, அதைச் சொல்லும் குரலில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதையும் அது அளக்கும். எனக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது. வாய்தான் திறக்கவில்லை. மூன்று முறை போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். நான்காம் முறை போகவில்லை. வீட்டில் யாரும் திட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

ராசிபுரத்திலிருந்து சேலம் பைபாஸ் வரை பழைய காரில் போனோம். அப்பாவுக்குக் கோழித்தீவனக் கடை. பழைய காரில் ஏறினால் தவிட்டு வாசனை அடிக்கும், அதில் போய் எப்படிப் பெண் பார்ப்பது என்று அண்ணன் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேகமான கார் வேண்டும், கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் அதில் ஏற வேண்டும். அப்பாவுக்கு நான்கு பேர் கால் நீட்டி உட்கார்ந்து பழனிக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கிறது என்று விளம்பரத்தில் சொன்னதால்தான் 'ருத்ரா' செடானைப் பார்க்கப் போனோம்.

அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

ஷோரூமில் எங்களைக் கவனித்துக்கொண்டவள் பெயர் ஷெரின். அண்ணனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நடு மேடையில் கருநீல நிறத்தில் அந்தக் கார் நின்றது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பாயப்போகிற பூனை மாதிரி இருந்தது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பா குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு தாழ இருக்குது. எங்கூரு ஸ்பீடு பிரேக்கர்ல அடிவயிறு தட்டாது?"

"தட்டாதுங்க சார்."

"நாலு பேரு உக்காந்தா?"

"நாலு பேரு உக்காருவீங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் சார்" என்று ஷெரின் சிரித்தாள். "ஒவ்வொரு காரையும் அந்தந்தக் குடும்பத்துக்குன்னே ட்யூன் பண்ணித்தான் அனுப்புவோம். தம்பி கேக்கற வேகத்துக்கு ஸ்பிரிங் கெட்டியா இருக்கணும். அம்மாவுக்கு முதுகு வலிக்காம இருக்கணும்னா மெத்துனு இருக்கணும். ரெண்டும் வேணும்னா, எந்த நாளு, யாரு, எந்த ரோட்டுல போவீங்கன்னு காருக்குத் தெரியணும். எட்டு வருஷத்துக்கு."

"அது எங்களுக்கே தெரியாதேம்மா!"

"உங்க போனுக்குத் தெரியும் சார்."

பயணப் படம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலிருக்கும் போன்களை ஒரு தட்டில் வைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அது எல்லாவற்றையும் படித்து, இனிமேல் நாம் போகப்போகிற பயணங்களைச் சொல்லிவிடும்.

"ஜாதகம் பாக்கறாப்பல இருக்குது" என்று அப்பா தன் போனை வைத்தார். அண்ணனும் வைத்தான். அம்மா கைப்பையைத் திறந்து, கொஞ்ச நேரம் தேடி, வீட்டுப் போனை எடுத்து வைத்தாள்.

வீட்டுப் போன் அம்மா பெயரில் இருப்பது. ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். நானும் அம்மாவும் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம். எனக்கென்று தனியாக ஒன்று வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. கம்பெனி மிஷினுக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எண்ணிக்கைக்கு வந்தவள் என்பது அதற்கும் சரியாகப் பட்டிருக்கும்.

மோர் கொடுத்தார்கள். குடித்து முடிப்பதற்குள் சுவரில் இருந்த பெரிய திரையில் வரிசை வரிசையாக வரத் தொடங்கியது. முக்கியமான பயணங்களை மட்டும், வண்டி வந்த நாளிலிருந்து மாதக் கணக்கில், இங்கே காட்டும், முழுவதும் வண்டியோடு புத்தகமாகத் தருவோம் என்றாள் ஷெரின்.

முதல் மாதம், பழனி, நால்வர். இரண்டாம் மாதம், கொல்லிமலை, ஒருவர். "தனியாப் போறானாமா, திருட்டுப்பய" என்றார் அப்பா. ஐந்தாம் மாதம், சேலம், எலும்பு மருத்துவர், இருவர். "என்ற முட்டிதான்" என்று அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். பதினோராம் மாதம், பெருந்துறை, நால்வர், பட்டுச் சேலை வியர்வையில் நனையாமல் இருக்க ஏசி கூடுதலாக.

அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பெருந்துறையில் ஒரு பெண் வீடு பேச்சில் இருந்தது. அண்ணன் இன்னும் பிடிகொடுக்காமல் இருந்தான்.

"ஏன்டா, வேண்டாம் வேண்டாம்னு சொன்ன? போன்ல தினமும் அந்தப் பக்கமே சுத்திட்டிருந்தியாக்கும்?"

அண்ணன் காது சிவந்து, காரின் சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டான். எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்து அப்பா அந்தத் திரையை முழுதாக நம்பத் தொடங்கினார். அதுதான் தப்பாகிவிட்டது.

அடுத்த வரி வந்தது.

பதினான்காம் மாதம். புதன்கிழமை. காலை 10.40. ஒருவர். போகும் இடம் தெரியவில்லை. திரும்பும் பயணம் இல்லை.

"இது என்னம்மா?" என்றார் அப்பா.

ஷெரின் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது மூணாவது போன்ல இருந்து வருது சார்."

"திரும்பும் பயணம் இல்லைன்னா?"

"அது... ஒன்வே சார். அந்த ஆளு அன்னைக்குத் திரும்பி வர்றதா அதுக்குத் தெரியல."

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் திரும்பி வந்து படித்தான். "மிஷின் உளறுது. அம்மா எங்க தனியாப் போவாங்க? பழைய பஸ் ஸ்டாண்டுல விட்டாலே வீடு வந்து சேர மாட்டாங்க" என்றான். அது அப்பா வழக்கமாகச் சொல்லும் கேலி. அப்பா சிரிக்கவில்லை.

"எதை வெச்சும்மா இப்படிப் போடுது?" என்று ஷெரினிடம் கேட்டார்.

"சின்னச் சின்ன விஷயம்தான் சார். என்ன தேடினாங்க, எவ்வளவு நேரம் பாத்தாங்க, எதை டைப் பண்ணிட்டு அனுப்பாம விட்டாங்க. தனித்தனியாப் பாத்தா ஒண்ணுமிருக்காது. எல்லாம் சேத்துப் பாத்து ஒரு முடிவுக்கு வரும்."

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"அழிச்சதும் தெரியுமா கண்ணு?"

"தெரியும் மேடம்" என்றாள் ஷெரின், சாதாரணமாக. "அழிச்சதுக்குத்தான் அது அதிக மார்க் போடும்."

அம்மா தலையாட்டினாள். விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு தலையாட்டல்.

அழித்தவள் நான். ஆறு மாதமாக அந்தப் போனில் ஒன்றைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் ஒரே ஒரு இடத்தில் இன்னும் பேனாவால் தாளில் எழுதுகிற பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கிறது. காது கேளாதவர்களுக்காகவும் பேச முடியாதவர்களுக்காகவும் வைத்திருப்பது. பேசத் தெரிந்தும் பேசாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று அங்கே எழுதிக் கேட்டிருந்தேன். மருத்துவச் சான்று இருந்தால் சேர்ப்போம் என்று பதில் வந்தது. அதையும் அழித்துவிட்டேன்.

"பூங்கொடி" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. குரல் தாழ்ந்திருந்தது. "எங்க போற?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"உன்ற போன்லதான வருது?"

"மிஷின் சொன்னா நான் போயிட்டனாங்க?"

"தருண் விஷயத்துல சரியாச் சொல்லுச்சே! என்ற முட்டி வலி வரைக்கும் சொல்லுச்சே! இது மட்டும் எப்படித் தப்பாகும்?" அப்பா எழுந்துவிட்டார். "வண்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கெளம்பு. வீட்டுல போய் அந்தப் போனத் திறந்து காட்டு."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. அந்த வீட்டுக் குழந்தை பலூனைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் பயமோ கோபமோ இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இரண்டும் இல்லை. கணக்கைப் பாதியில் விட்டவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறு என்னுடையது, அம்மா மாட்டிக்கொண்டாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நானுங்கப்பா" என்றேன்.

அந்த ஷோரூமுக்கு வந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை. சரியாக வெளியே வந்ததா என்று தெரியாமல் மறுபடியும் சொன்னேன். "அது நானுங்கப்பா. அம்மா இல்ல. நான்தான் தேடினேன்."

திருச்சியைச் சொன்னேன். தாளில் எழுதும் தேர்வைச் சொன்னேன். சொல்லச் சொல்லத் திரையில் ஏதாவது என் குரலை அளக்கிறதா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன். அப்பா மெதுவாக உட்கார்ந்தார்.

"பரீட்சைக்குப் போறதுக்கா இவ்வளவு ரகசியம்? நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?" பிறகு ஏதோ உறுத்தியது அவருக்கு. "சரி, பரீட்சை எழுதிட்டு வீட்டுக்கு வர மாட்டியா? திரும்பலைன்னு போட்டிருக்குதே."

"அங்கயே... ஹாஸ்டலுங்கப்பா. மேல படிக்கறதுக்கு."

ஹாஸ்டல் எதையும் நான் தேடவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை என்னைவிட அந்த மிஷினுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியுமோ, நான் அங்கேயே தங்கிவிடத்தான் போகிறேனோ என்று அந்த நிமிடம் எனக்கே குழப்பமாகிவிட்டது.

அப்பா பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அண்ணன் என் தலையில் தட்டினான். "பாப்பா, ஒரு நிமிஷத்துல குடும்பத்தையே கலக்கிட்ட." ஷெரின் அவசரமாக இன்னொரு சுற்று மோர் சொன்னாள்.

"அது சரி, ஒருத்தர்னு போட்டா ஆச்சா, திருச்சிக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார் அப்பா. "எனக்குக் கடை. இவன் அதுக்குள்ள பெருந்துறைக்காரன் ஆயிருவான்."

"நான் ஓட்டிப் பழகிக்கறனுங்க" என்றாள் அம்மா.

"நீயா?"

"பாப்பாவுக்காகத்தானுங்க."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பழைய பஸ் ஸ்டாண்டுக் கேலியை இப்போது முழுதாகச் சொன்னார். ஆனால் மறுக்கவில்லை. சற்றுமுன் சந்தேகப்பட்டதற்கு ஈடாக அம்மாவுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கும். பதிவு செய்தால் பெண்களுக்குப் பத்து நாள் டிரைவிங் வகுப்பு உண்டு என்றாள் ஷெரின். நிறத்தில் மட்டும் அப்பா விடவில்லை. வெள்ளை என்று முடிவானது.

நாற்பது நாள் கழித்து வண்டி வந்தது. அம்மா ஆரத்தி சுற்றினாள். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் நசுக்கிக்கொண்டு முன்னே எடுத்தான். கட்டில் மாதிரி அசையாமல் போகிறது என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். சொன்னபடியே ஸ்பீடு பிரேக்கரில் தட்டவில்லை. முதல் மாதம் நால்வர் பழனிக்குப் போனோம்.

வண்டியோடு வந்த புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. டேஷ்போர்டு பெட்டியில் ஆர்சி காகிதத்துக்கு அடியில் கிடந்தது. கோவில் வாசலில் எல்லோரும் முடி இறக்கும் இடத்துக்குப் போயிருந்தபோது நான் அதை எடுத்துப் படித்தேன்.

பத்தாம் மாதத்தில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்துமே திருச்சி. இருவர். ஓட்டுநர் இருக்கை, ஐம்பத்தெட்டு கிலோ. முன் இருக்கை, நாற்பத்தாறு கிலோ. காலையில் போய், மாலையில் திரும்புதல்.

நாற்பத்தாறு கிலோ நான்தான், ஐம்பத்தெட்டு அம்மா. ஐந்து நாள், ஐந்து பரீட்சை. நான் தேடியது, அழித்தது, எழுதிக் கேட்டது எல்லாம் அந்த ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிட்டது. தினமும் நான் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன்.

நான்கு பக்கம் தள்ளி அந்தப் புதன்கிழமை இருந்தது. ஷோரூம் திரையில் காட்டாத ஒன்று அதில் கூடுதலாக அச்சாகியிருந்தது. ஓட்டுநர் இருக்கை, ஐம்பத்தெட்டு கிலோ.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான் தேடாத ஏதோ ஒன்றை, அதே போனில், அதே ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து, யாரோ தேடியிருக்கிறார்கள். என்னைப் போலவே அழித்திருக்கிறார்கள். இரண்டு வருடம் ஒரே போனை மாற்றி மாற்றிக் கையில் வைத்திருந்தோம். சூடு ஆறாமல்கூட வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் தெரியவில்லை.

இன்னொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது நான் அன்று வாயைத் திறந்ததால். புத்தகத்தில் இருப்பதெல்லாம் அன்று போன்களைப் படித்துப் போட்ட கணக்குதான்; நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓட்டுநர் இருக்கையில் அம்மா என்று அது எப்படிப் போட்டது? அம்மா முன்னமே முடிவு செய்திருந்தாளா? இல்லை, நான் பேசுவேன் என்பதும் அந்தக் கணக்கில் இருந்ததா?

அந்தப் பக்கத்தைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மொட்டைத் தலையோடு அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

அம்மா பத்து நாளில் கற்றுக்கொள்ளவில்லை, முப்பது நாளானது. முதலில் கேட் தூணில் இடித்தாள். பிறகு ஆத்தூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போகப் பழகினாள். ஓட்டும்போது அவள் முகம் வேறாக இருந்தது. வீட்டில் பேசாத அளவுக்கு வண்டியில் பேசினாள், என்னோடு அல்ல, ரோட்டோடு. "வா சாமி, வா. ஏன் முட்டற? போ, நீயே போ." நான் பக்கத்தில் உட்கார்ந்து மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்கலாம் என்று நினைப்பேன். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று விட்டுவிடுவேன்.

மருத்துவச் சான்று வாங்க அம்மாதான் கூட வந்தாள். பத்தாம் மாதம் முதல் பரீட்சை. விடியும்போது கிளம்பினோம். நாமக்கல் தாண்டி, தொட்டியம் தாண்டி, வலது பக்கம் காவிரி கூடவே வந்தது. முசிறி அருகே அம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தப் புஸ்தகத்துல ஒரு பக்கத்தை நீதான் கிழிச்சியா?"

"ஆமாங்கம்மா."

"ஏன்?"

"அப்பா பாத்துருவாங்கன்னு."

அம்மா கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை நிதானமாகத் தாண்டினாள்.

"நான் அதைத் தேடிட்டே இருந்தேன்" என்றாள். "எங்க போறேன்னு எனக்கே தெரியல பாப்பா. அதுலயாவது போட்டிருக்குமான்னு பாக்கலாம்னு. போட்டிருந்துச்சா?"

"இல்லீங்கம்மா. தெரியவில்லைன்னுதான் போட்டிருந்துச்சு."

"அதுக்கும் தெரியலியா" என்றாள். ஏமாந்த மாதிரியும் இருந்தது, நிம்மதி மாதிரியும் இருந்தது.

"அப்பா ஏதாவது..." என்று தொடங்கினேன்.

"உங்கப்பா நல்ல மனுஷன். அதெல்லாம் இல்ல." பிறகு, "உன்னால சொல்ல முடியுதா, அந்த ரூம்ல ஏன் வாய் வரலைன்னு?"

"தெரியலீங்கம்மா."

"அது மாதிரிதான்."

தேர்வு நடக்கும் பள்ளி ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. அம்மா வேப்ப மரத்தடியில் நிறுத்தினாள். இறங்கும்போது என் கண் டேஷ்போர்டில் பட்டது. மொத்தம் ஓடிய கிலோமீட்டர் 9,306. ஏன் அதை மனப்பாடம் செய்தேன் என்று தெரியாது. "எழுதறதப் பொறுமையா எழுது" என்றாள் அம்மா. எஞ்சினை அணைக்கவில்லை.

உள்ளே தாள் கொடுத்தார்கள். பேனா கொடுத்தார்கள். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு விடை எழுதத் தொடங்கியதும் கை தானாக ஓடியது. ஆனால் மூன்று மணி நேரமும் காதில் பாதி வெளியில்தான் இருந்தது. இன்று புதன் அல்ல, திங்கள். இது பத்தாம் மாதம், பதினான்கு அல்ல. மிஷினுக்கு நான்கு மாதம் கணக்குத் தப்புமா? தப்பலாம். அதற்கு இடமே தெரியவில்லையே.

மணி அடித்ததும் ஓடி வந்தேன். வேப்ப மரத்தடியில் கார் இல்லை.

அங்கே நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் கைகளால் பேசிக்கொண்டே போனார்கள். சத்தமே இல்லாத கூட்டம். நானும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்து ஒரு பெண் என்னிடம் விரல்களால் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை, தலையாட்டினேன்.

அப்போது தெருமுனையில் வெள்ளைக் கார் திரும்பியது. கொஞ்சம் வேகமாகவே வந்தது. வந்து அதே மரத்தடியில், அதே இடத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். உள்ளே வெயில் வாசனை. அம்மாவின் புடவையில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

டேஷ்போர்டைப் பார்த்தேன். 9,388.

"எங்கம்மா போனீங்க?"

அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கயும் இல்ல. திரும்பி வரத் தெரியுதான்னு பாத்தேன்."